மஞ்சள் துணியில் ஒட்டிய படம்

என் வீட்டுக்காரரின் நெஞ்சை நான் இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை எல்லாம் தெரிந்தது, தெரிந்து ஆகப்போவதுதான் ஒன்றுமில்லை. நடுவில் போனது ஒரே ஒரு மழைக்காலம். இதைச் சொல்ல உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அழுகையெல்லாம் அப்புறம்தான்.

எழுபதுகளின் கடைசி அது. ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டுவழியாக நடந்துபோகிற ஒரு ஊரில் இருந்தோம். எட்டாவது படித்திருந்ததால் எனக்குப் பால்வாடியில் வேலை. அவர் சாமை விதைப்பார், புளியங்காய்க் காலத்தில் மரம் ஏறி உலுக்குவார். உச்சிக் கிளையில் நின்றுகொண்டு அவர் குரல் கொடுத்தால் எதிர் மேட்டில் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்த மாதிரி ஒரு தொண்டை. அதில்தான் முதலில் இருமல் வந்து உட்கார்ந்தது.

சளி என்றுதான் நினைத்தோம். தூதுவளை, மிளகு, தேன், எல்லாம் ஆயிற்று. பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். காலையில் எழுந்தால் பாய் நனைந்திருக்கும். ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர், அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை என்று இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "கயிறு நீண்டுபோச்சு மே" என்றார். கயிறு நீளுமாம்! கேட்பவள் கேனச்சி என்ற நினைப்பு.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக மலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அப்போது அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். நல்ல மனுஷன். சளியை டப்பாவில் வாங்கிக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார்கள். இன்னொரு நாளும் வரச்சொல்லிப் பார்த்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை.

"அப்ப நோவு இல்ல, வர்றோங்க" என்று இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"உக்காருங்க" என்றார் டாக்டர். "சளியில தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. நெஞ்சப் படம் புடிச்சிப் பாக்கணும். டி.பி.யா இருந்தா ஊசி மாசக்கணக்குல போடணும். வெறும் சந்தேகத்த வச்சிகினு அத ஆரம்பிக்க முடியாது. போளூர் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

அடேயப்பா, எனக்கு வந்த ஆத்திரம்! இதே மலையில், காவலூர் பக்கம், வானத்து நட்சத்திரத்தைப் படம் பிடிக்க வெள்ளைக் கோபுரம் கட்டி வைத்திருந்தார்கள். எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருப்பதைப் பிடிக்கிறதாம். மலையில் இருக்கிறவன் நெஞ்சைப் பிடிக்க மட்டும் கீழே இறங்கிப் போகவேண்டுமாம். இதை அந்த டாக்டரிடமே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் எழுதிப் போட்டுகினுதாம்மா கீறேன்" என்றார்.

இவர் போகமாட்டேன் என்றார். காரணம் எனக்குத் தெரியும். ஆடி வந்துவிட்டது. எங்கள் ஊர் அம்மனுக்குக் கரகம் எடுக்கிற முறை இவர் வீட்டுக்குத்தான். இவர் அப்பாவுக்குப் பிறகு இவர். பூ சுற்றின கரகத்தைக் கையால் பிடிக்காமல், தலையில் வைத்து, ஓடையிலிருந்து கோயில்வரை ஆடிக்கொண்டே வரவேண்டும். நோவு கண்டவன் தலையில் அம்மன் உட்காரமாட்டாள் என்பது ஊர்ப்பேச்சு. இவருக்கு நெஞ்சு நோவு என்று தெரிந்தால் முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். ஒருதடவை போனால் போனதுதான், திரும்பி வராது.

"போனா போவுது. பானைய அவன் தூக்கட்டும். நீ உசுரோட இரு" என்றேன்.

"உசுரோட இருந்து? கோயில் வாசல்ல நின்னு அவன் ஆடறத வேடிக்க பாக்கச் சொல்றியா?"

அன்றைக்குச் சோறு வைக்கவில்லை நான். அவரும் கேட்கவில்லை. மறுநாள் அவரே ஒரு வழி சொன்னார். காப்புக் கட்டும்போது இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொள்ளப் புது மஞ்சள் துணி வேண்டும். அதை வாங்க, காப்பு அன்றைக்குக் காலையில் பொண்டாட்டியோடு போளூர் போவது வழக்கந்தான். அந்தச் சாக்கில் படமும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கட்டாயம், விளக்கு வைப்பதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அவிழ்க்கிறவரை கரகக்காரன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. சரி, எப்படியோ வந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டேன்.

போளூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எக்ஸ்ரே எடுக்கிற இடம் இருந்தது. வாணியம்பாடி பக்கத்து பாய் ஒருவர்தான் அங்கே மிஷின் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனுஷர். முதலில் துணிக்கடைக்குப் போய் மஞ்சள் துணியை வாங்கிக்கொண்டு அங்கே போனோம். எங்கள் நேரம், போய் உட்கார்ந்ததும் கரண்டு போய்விட்டது. காத்துக்கொண்டே இருக்கிறோம், வரவில்லை. வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் விளக்கு எரிந்தது.

"சொக்காயக் கழட்டுண்ணே. தாயத்தும் கழட்டணும், படத்துல விழும். உன் சம்சாரம் கையில குடு, ஓடிட மாட்டாங்க" என்றார் பாய்.

குளிர்ந்த பலகைமேல் நெஞ்சை வைத்து, தோளை முன்னால் தள்ளி நிற்க வைத்தார். "மூச்ச நல்லா இழு. அப்டியே நிறுத்து. வுடாத, வுடாத..." இவருக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடியும் இழுக்கச் சொன்னார். மறுபடியும் இருமல். மரத்து உச்சிவரை ஒரே மூச்சில் ஏறுகிற ஆள். ஒரு நொடி மூச்சை நிறுத்தி வைக்க முடியவில்லை. கதவுக்கு இந்தப்பக்கம் அந்தத் தாயத்தைக் கையில் பொத்திக்கொண்டு நின்றேன்.

எப்படியோ எடுத்துவிட்டார். இருட்டறைக்குள் போய்த் தண்ணீரில் அலசி, சொட்டச் சொட்டக் கம்பியில் மாட்டிக்கொண்டு வந்தார். "காயணும். காலைல டாக்டர் வருவாரு, பாத்து எழுதிக் குடுப்பாரு. ராத்திரி எங்கனா படுத்துட்டுக் காலைல வாங்கிட்டுப் போங்க."

"முடியாது பாய். இன்னிக்குக் காப்பு" என்றார் இவர். அதற்குள் சொக்காய் மாட்டி வாசலுக்கு வந்துவிட்டார். மலைக்குப் போகிற கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறது.

"படத்த மட்டும் குடுங்க, எங்க மலை டாக்டரு பாத்துப்பாரு" என்று கெஞ்சினேன்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லா! ஈரம்மா இது. இப்ப இது தோசை மாவு மாதிரி, கை பட்டா கையோட வந்துரும். சரி, இன்னா பண்றது, உங்க சாமி வெசயம். ஓரத்த மட்டும் புடிச்சிக்க. துணிகினி பட வுடாத. ஜன்னலண்ட உக்காந்து காத்துல காட்டு, மலை ஏறங்காட்டியும் காஞ்சிடும்."

அப்படியே செய்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு நிலா காட்டுவதுபோல் காட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இன்னாமா அது, யாரு எலும்பு?" என்றார் கண்டக்டர். "எங்க ஆட்டோட எலும்பு. டிக்கெட்டக் கிழிச்சிட்டுப் போவியா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் முகம் சுண்டிவிட்டது. என் பக்கம் குனிந்து, "மூடி வைமே, என் நெஞ்ச ஊரே பாக்குது" என்றார். "பாக்கட்டும், கெட்டா போவும்" என்று நான் கையை இறக்கவில்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஏறினது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பங்காளியேதான். முறை போனால் யார் கைக்குப் போகுமோ, அவன். இவருக்குத் தம்பி முறை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு எங்களைப் பார்த்து வருகிறான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் படத்தை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, புது மஞ்சள் துணிக்குள் வைத்துச் சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"துணி வாங்கிட்டியாண்ணா?" என்றான் அவன்.

"ஆச்சு ஆச்சு" என்று அதன்மேல் தட்டிக் காட்டினார். ஐயோ, தட்டவும் தட்டினார்! கத்தவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. அவன் எங்கள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டும், இறங்கின பிறகு காட்டுவழியில் கூடவே நடந்தும், ஊர்வரைக்கும் கரகப் பூவையும் பறைக்காரர்களையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போதெல்லாம் இவர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். சாயங்காலக் காய்ச்சல் வேறு ஏறிவிட்டது, என் தோள் வரைக்கும் அந்தச் சூடு தெரிந்தது. அந்தச் சூட்டிலும் வேர்வையிலும் படம் வெந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தால் பிரியவில்லை. துணியும் படமும் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. "இரு, தண்ணியில ஊறவெச்சி மெதுவா எடுக்கலாம்" என்றேன். கோயில் பக்கம் பறை அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பிவிட்டார், "வர்றானா இல்லியா" என்று. இவர் ஒரு கையால் படத்தையும் மறு கையால் துணியையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கம், ஒரு கை அகலத்துக்குப் படத்தின் கறுப்பு துணியோடு போய்விட்டது. மிச்ச இடமெல்லாம் நூல் நூலாகத் துணியின் அச்சு.

துணியைப் பார்த்தேன். மஞ்சளில் ஒரு கறுப்புக் கறை, அதில் மங்கலாக இரண்டு விலா எலும்பு. அவர் கறை உள்பக்கம் வரும்படி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கையை நீட்டினார். காப்புக் கட்டினார்கள்.

மறுநாள் நான் தனியாகப் படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் மலை டாக்டரிடம் போனேன். அவர் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். உரிந்த இடத்தின் வழியாக வெளியே நிற்கிற புளியமரம் பளிச்சென்று தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"இங்க பாரும்மா. நுரையீரல் நல்லா இருந்தா படத்துல கறுப்பா தெரியும். நோவு இருந்தா அந்த எடம் வெள்ளையா தெரியும். எனக்குப் பாக்க வேண்டிய எடமே இந்த மேல்பக்கந்தான். அது வெள்ளையாத்தான் கீது. ஆனா நோவால வெள்ளையா, உரிஞ்சி வெள்ளையான்னு நான் எப்டி சொல்வேன்?"

"நோவுன்னே வச்சிக்கங்க சார். ஊசிய ஆரம்பிச்சிடுங்க."

"மருந்தே கொஞ்சந்தான் வருது. சளியிலயும் இல்லாம, படத்துலயும் இல்லாம நான் இன்னான்னு எழுதுவேன்? காப்பு அவுத்ததும் இன்னொரு படம் எடுத்துட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் இத குடுங்க" என்று வேறு ஏதோ மாத்திரைகள் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது, இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

கரகத்தன்று நான் கும்பிட்டதை எந்தப் பொண்டாட்டியும் கும்பிட்டிருக்க மாட்டாள். தாயே, இந்தப் பானையைக் கீழே தள்ளிவிடு என்று கும்பிட்டேன். விழுந்தால் முறை போகும், வெட்கம் போகும், மனுஷன் என்னோடு போளூர் வருவார். காலை வெயிலில் ஓடையிலிருந்து கிளம்பினார். பறை ஏற ஏற இவர் ஆட்டமும் ஏறியது. கண் செருகி, வாய் திறந்து மூச்சு வாங்குகிறார். கரகம் மட்டும் ஆணி அடித்ததுபோல் தலையில் நிற்கிறது. ஒரு பூக்கூட உதிரவில்லை. கோயிலில் இறக்கி வைத்ததும் ஊரே குலவை போட்டது. அம்மன் என் வேண்டுதலைக் கேட்கவில்லை.

அதோடு தீர்ந்தது. "இருமறான் இருமறான்னானுங்க. நோவு கீறவன் தலையில கரகம் இப்டி நிக்குமா? இதுக்கு மேல இன்னா பரிசோதன?" என்று ஊர்க்கவுண்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பங்காளி இருக்கிறானே, அவன் நல்லவன் பாவம், இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்கூட சந்தேகப்பட்டேண்ணா. மன்னிச்சிடு" என்றான். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஜெயித்தவன் பார்வை.

காப்பு அவிழ்த்தார்கள். "போளூர் போலாம்" என்றேன்.

"எதுக்கு? அம்மனே படம் புடிச்சிப் பாத்துட்டா. ஒண்ணுமில்லன்னுட்டா."

"அம்மன் பாத்தது தலைய. நான் சொல்றது நெஞ்ச."

சிரித்தார். அந்தச் சமயம் பார்த்து டாக்டர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார். அது போதுமே அவருக்கு. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மலைப் பாதையில் மரம் விழுந்தது, மண் சரிந்தது, பஸ் வந்தால் வரும் வராவிட்டால் இல்லை. பாதை சரியானபோது சாமை அறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். நான் சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன், பேசாமல் இருந்தேன். கடைசியில் எங்கள் ஒரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். "போய்ட்டு சீக்கிரம் வா, சாமை காவலுக்கு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே களத்துக்குப் போனார். நானும் போகாமல் பின்னாலேயே போனேன். போகமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த திமிர்தான் எல்லாம்.

அந்தக் களத்தில்தான் நடந்தது. சாமையைத் தூற்றிக்கொண்டிருந்தவர் இருமினார், குனிந்தார், தூற்றின சாமைமேல் ரத்தம் விழுந்தது. ஒரு வாய் நிறைய. அவசர அவசரமாகக் காலால் சாமையைத் தள்ளி அதை மூடப் பார்த்தார். அப்போதும் மறைக்கத்தான் பார்த்தார், பாவி மனுஷன். நான் அவர் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை அவர் கையை உதறவில்லை, கூடவே போளூர் வந்தார்.

பாய் எங்களை மறந்திருக்கவில்லை. "அந்தப் படம் காஞ்சிதாம்மா?" என்றார். நான் இவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். உள்ளே இவரை நிற்க வைக்க முடியாமல் முக்காலியில் உட்கார வைத்து எடுத்தார். மூச்சை இழு என்றபோது இழுக்க அங்கே மூச்சே இல்லை. பாய் காலைவரை பொறுக்காமல், அங்கே படம் பார்க்கிற போளூர் டாக்டருக்கு அப்போதே ஆள் அனுப்பினார்.

டாக்டர் வந்து, ஈரம் சொட்டுகிற படத்தைக் கம்பியோடு வாங்கி விளக்குக்கு முன்னால் பிடித்தார். எட்டாவது படித்த எனக்கே தெரிந்தது. வலது மேல்பக்கம் ஒரு பெரிய பொந்து. அதைச் சுற்றியும், இடது பக்கமும், கீழேயும், சாம்பல் தெளித்ததுபோல் ஒரே வெள்ளை. நான் பையிலிருந்து பழைய படத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொந்து இருந்த இடமும் உரிந்த இடமும் ஒன்றே.

"மழைக்கு முன்னாடியே வந்திருக்கணும்மா. அப்ப இது சின்னதா இருந்திருக்கும். ஊசியிலயே ஆறியிருக்கும்" என்றார்.

"வந்தோமே சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் தெம்பில்லை. வேலூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், படம் காய்ந்ததும் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்புங்கள், ஆனால் ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். அங்கே ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், புளி உலுக்குகிற காலம்வரைகூட அவர் தாங்கவில்லை. ஊருக்குக் கொண்டுவந்தபோது அந்த மஞ்சள் துணியைத்தான் மேலே போர்த்தினேன். கறை நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

ஆனால் என் மனசு வந்து நிற்பது அங்கே இல்லை. அன்றைக்கு டாக்டரிடம் பேசிவிட்டு வெளியே வந்தேனே, அங்கேதான். வராந்தாவில் கட்டின கம்பியில் பாய் இவர் படத்தை மாட்டியிருந்தார். அதற்குக் கீழே பெஞ்சில் இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் மலைக்குப் போகிற கடைசி பஸ் ஹாரன் அடித்தது. நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன்.

"உக்காருமே" என்றார். "படம் ஈரமாக் கீது."

உட்கார்ந்தேன். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அது திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காயட்டும்" என்றார். "எனக்கு இப்ப இன்னா அவசரம்?"

காலைவரை அங்கேயே இருந்தோம். படம் நன்றாகக் காய்ந்திருந்தது.